வாட்சரின் வாசகி

நானே உண்டாக்கிய ஒரு கிழவர்மேல் எனக்குப் பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது அவ்வளவு கௌரவமான காரியமில்லைதான். அந்தக் கிழவர் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

கேரளத்து வண்டிப்பெரியாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மாடியில் ஒரு வாசகசாலை இருக்கிறது. மலையாளத்துக்குப் பதினொரு அலமாரி, தமிழுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கு நான் பொறுப்பாளன். பொறுப்பு என்றால் சாவி, அதுவும் அலமாரியிலேயே தொங்கும். உள்ளே இருந்தவை இரண்டே வகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் துப்பறிகிற நாவல்கள் ஒரு எண்பது தேறும். எஸ்டேட்டை விட்டுப் போன ஏதோ ஒரு குடும்பம் சாக்கில் கட்டிக் கொடுத்தது. மிச்சமெல்லாம் தேவைக்குப் புரட்டிப் பார்க்கிற புத்தகங்கள். அகராதி, அட்லஸ், முதலுதவிக் கையேடு, கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகம். இலக்கியம் என்று எதுவும் இல்லாததால் அந்த அலமாரியைக் கண்டு யாரும் பயப்படவில்லை. ஆனால் யாரும் திறக்கவும் இல்லை.

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் லைப்ரரியன் சேச்சி என்னைக் கூப்பிட்டார். சேச்சி என்றால் அக்கா, ஆனால் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊரே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் சேச்சி.

"சார், தாலுக்காவில இருந்து பரிசோதனைக்கு ஆள் வரும். வாசகர் அபிப்பிராய ரெஜிஸ்டர் பாக்கும். தமிழ்ல ஒரு வரி இல்லா."

"இல்லாட்டி என்ன ஆகும்?"

"கமிட்டிக்கு அந்த அலமாரியோட ஸ்தலம் வேணும். கேரம் போர்டு வாங்கி வச்சாச்சு."

"வாசிக்க ஆளே வரலையே சேச்சி."

"ஆள் வேண்டா சார். அபிப்பிராயம் மதி, அது போதும்."

முப்பது வருடமாக நான் சிறுபத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். ஆளில்லாத இடத்தில் அபிப்பிராயம் சொல்வது எனக்குப் பழகிய தொழில். அன்றைக்கே உட்கார்ந்து நாலு பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கையெழுத்தில் 'நல்ல நூல்', 'பயனுள்ள நூல்', 'மாணவர்களுக்கு ஏற்ற நூல்' என்று எழுதினேன். நாலாவது ஆளுக்கு வரும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் அந்தக் கிழவரை உண்டாக்கினேன். ஓய்வுபெற்ற தேயிலை ஃபேக்டரி வாட்சர். எஸ்டேட் வரிசைவீடுகளில் எட்டாம் லயத்தில் வீடு. பொடி எழுத்து, வலப்பக்கம் சாய்ந்தது.

முதல் நாவலைப் பற்றி அவர் எழுதினார்: "முப்பது வருஷம் ஃபேக்டரியில் காவல் இருந்தவன் நான். கன்னத்தில் தழும்போடு ஒரு கள்ளனும் வந்ததில்லை. வந்தவன் எல்லாம் நமக்குத் தெரிந்தவன். பிடித்தால் மறுநாள் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை."

முதலுதவிக் கையேட்டுக்கு: "பாம்பு கடித்தால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பார்க்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடிபட்டவராக இருக்கும், குற்றம் சொல்வதற்கில்லை. அட்டைப்பூச்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியவர் மழையில் இந்தப் பக்கம் வந்ததில்லை."

கடிதப் புத்தகத்துக்கு: "விடுப்புக் கடிதம் ஏழு வகை இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் ஒரே வகை. எஸ்டேட் வேலைக்கு இது போதாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஜிஸ்டரைத் திறந்தேன். வாட்சரின் முதல் அபிப்பிராயத்துக்குக் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"ஐயா சொல்வது சரி. இன்னொன்றும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு லீவு நாளில் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. என்னை விட்டிருந்தால் நானும் கண்டுபிடித்திருப்பேன். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்."

மூன்று தடவை படித்தேன். சேச்சியிடம் போய், "இது நீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும் சார். எழுத அறியாது. பேப்பர் வாசிக்க எத்தனையோ பேர் வரும், ஆரு எழுதினான்னு நான் நோக்கலை."

என் கட்டுரைகளுக்கு இதுவரை வந்த ஒரே வாசகர் கடிதம், எதிர்ப்பக்கத்தில் இருந்த ராசிபலனைப் பற்றியது. அப்படிப்பட்டவனுக்கு, இல்லை, நான் உண்டாக்கிய ஒரு கிழவருக்கு, ஒரு வாசகர். வாட்சர் உடனே பதில் எழுதினார். தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அடுத்த வாரம் பென்சில் சொன்னது: "திருப்பூரில் இருக்கிறான். அவன் காணாமல் போயிருந்தால் நான் துப்பறிந்திருக்கலாம். ஒழுங்காகப் பஸ் ஏறித்தான் போனான்."

அந்த மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அட்லஸைப் பற்றி வாட்சர், "இதில் உள்ள நாடுகளில் சில இப்போது இல்லையாம். எங்கள் எஸ்டேட் இதில் இல்லை, ஆனால் இருக்கிறது" என்று எழுதினார். பென்சில் கீழே எழுதியது: "எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி பூட்டி வருஷம் ஆகிறது. அதை எந்தப் பக்கம் சேர்க்க?" அந்த ஞாயிறு நான் அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர் அதை ரத்த அழுத்தம் என்றார். ரெஜிஸ்டரில் ஒன்றும் இல்லாத வாரங்களில் டீக்கடையில் போய் நின்று எல்லோர் முகத்தையும் பார்ப்பேன். அந்த நாவல்களில் பிள்ளைகள் செய்வதுபோல நானும் தடயம் பிடித்துத் தேடினேன். பென்சில் வைத்திருப்பவர் யார் என்று ஊரில் உள்ள காதுகளையெல்லாம் பார்த்தேன். தச்சர் ஒருவர் வைத்திருந்தார். தையல்காரர் வைத்திருந்தார், அவரிடம் பேச்சுக் கொடுப்பதற்காக நன்றாக இருந்த ஒரு பேண்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதும், எனக்கு அந்தப் பேண்ட் இனிமேல் நுழையாது என்பதும் தெரிந்தன.

அந்தப் பென்சில்காரரிடம் எனக்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து, "அந்த மன்னிப்புக் கடிதம் பத்தி எழுதுனீங்கள்ல" என்று அவர் சிரித்துக்கொண்டே தொடங்கவேண்டும். நான் "அது நான்தான்" என்று சொல்லவேண்டும். முப்பது வருடம் எழுதியதற்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

பரிசோதனைக்கு ஆள் ஒரு சனிக்கிழமை வந்தார். நல்ல மனிதர். மேஜையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கையெழுத்துகள் மாறுவதை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக நான் 'நல்ல நூலோடு' நிறுத்தியிருக்கலாம்.

அந்த நேரத்தில் ஒரு பெண் படியேறி வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். குமுளி ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போடும் நீலக் கோட்டு, கையில் ஒரு பொட்டலம். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. நான் இத்தனை நாள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், இந்த வாட்சர் ஐயா எப்ப வருவாக?"

"எந்த வாட்சர்?" என்றேன்.

"அபிப்பிராயம் எழுதுவாகள்ல, எட்டாம் லயத்துக்காரவுக. இன்னைக்கு எனக்கு ஆஃப். லயத்துல போயி விசாரிச்சேன், அப்படி ஆளே இல்லைங்கிறாக. இங்க வருவாகளோன்னு வந்தேன். வயசானவுக, பல்லு எப்படியோ என்னமோன்னு பன்னு வாங்கியாந்தேன்."

மேஜையிலிருந்து பரிசோதகர் நிமிர்ந்தார். "ஆரா இது?"

"வாசிக்க வரும் ஆள் சாரே, தமிழ்" என்றார் சேச்சி, என்னைப் பார்க்காமல்.

நான் உண்மையைச் சொன்னால் ரெஜிஸ்டர் பொய், அலமாரி போச்சு. அந்தப் பெண் அடுத்த நாவலை எடுக்க அலமாரியே இருக்காது. அந்த ஒரு நிமிடம் என் முன்னால் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. நான் சொன்னேன்:

"அவர் மகன் வீட்டோட கம்பத்துக்குப் போயிட்டாரும்மா. போன வாரம்தான். லயத்துல புது ஆளுக, அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது."

"சொல்லாமயேவா?"

"திடீர்னு கிளம்ப வேண்டியதாப் போச்சு."

"மேலுக்குச் சொகமில்லையோ?"

"நல்லாத்தான் இருக்காரு."

"பன்ன நீங்களே வச்சுக்கோங்க சார், நாளைக்குக் காஞ்சு போயிரும்" என்று மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். பொட்டலத்தில் மூன்று பன் இருந்தன. பரிசோதகருக்கு ஒன்று, சேச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தமிழ்ப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் பரிசோதகர் போனார். அந்தப் பெண்ணைப் பிடிக்க நான் கீழே ஓடினேன். குமுளி பஸ் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ரெஜிஸ்டரில் பென்சில் எழுத்து இல்லை. அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. கிழவரைக் கம்பத்திலிருந்து திரும்பக் கூட்டிவரலாமா என்று யோசித்தேன். வந்தால் அவர் பன்னைத் தின்ன நேரில் உட்கார வேண்டுமே. கடைசியில் என் சொந்தக் கட்டுரைத் தொகுப்பில் ஒரு பிரதியைச் சேச்சியிடம் கொடுத்து, அந்தம்மா வந்தால் கொடுக்கச் சொன்னேன். உள்ளே என் விலாசம் எழுதியிருந்தேன். படித்தால் எழுத்து நடையை வைத்து நான்தான் வாட்சர் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். துப்பறியத் தெரிந்தவர்தானே. நாலு ஞாயிறு அவர் வரவில்லை. நாலு ஞாயிறும் நான் சவரம் செய்துகொண்டு போனேன்.

ஐந்தாவது ஞாயிறு மேஜையில் என் புத்தகம் திரும்பி வந்து கிடந்தது.

"வந்தாங்களா சேச்சி?"

"நேத்து வந்தா. வாசிச்சுக் கழிஞ்சுன்னு தந்தா."

"ஏதாவது சொன்னாங்களா?"

சேச்சி ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். "சொல்லட்டே?"

"சொல்லுங்க."

"எழுதின ஆளுக்கு வயசு பத்தாது போலன்னு சொன்னா. அந்த வாட்சர் ஐயாகிட்ட ரெண்டு மாசம் பழகினா எழுத வந்துடுமாம் சார்."