குலசேகரத்துக்குப் போன லாரி

மூச்சு விடுவதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது, சகோதரிகளே? எங்களுக்கும் தோன்றியதில்லை, எங்கள் மகள் நூர்ஜஹானுக்கு இழுப்பு வரும்வரை.

அப்போது நாங்கள் இராஜபாளையத்தில் இருந்தோம். என் கணவர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கு திரும்பினாலும் மில், தறி, பஞ்சு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாகத் தூசி ஒட்டியிருக்கும். வாசலிலேயே நிறுத்தித் துண்டை எடுத்து அவர் மேல் படார் படார் என்று அடிப்பேன். தெருவில் போகிறவர்கள் நான் தினமும் புருஷனை அடிப்பதாக நினைத்து, நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவரும் வாயைத் திறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அது அவர்களுடைய சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும்.

எவ்வளவு அடித்துத் தட்டினாலும் நூருவுக்கு இழுப்பு வந்துவிடும். மலையிலிருந்து சாரல் இறங்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் வரும். உதடு நீலம் பாரித்துவிடும். தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவள் படியில் உட்கார்ந்து யார் ஜெயித்தது என்று சொல்லுவாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

என் மாமனாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் பருத்தி வாங்க ஊர் ஊராகப் போனவர். அதனால் உலகத்தில் எந்த ஊருக்கும் தனக்கு வழி தெரியும், எந்த நோய்க்கும் தனக்கு மருந்து தெரியும் என்று நினைப்பார். நூருவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனபோது கூடவே வந்தார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "மருந்து தாரேம்மா. ஆனா இந்தத் தூசியும் சாரலும் இருக்கிற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும். வெக்கையான கடலோர ஊராப் பாத்துப் போயிருங்க. கடக்காத்து இவளுக்கு ஒத்துக்கிடும்னு தோணுது."

"அதுக்கு ஊரையே காலி பண்ணணுமா டாக்டர்?" என்றார் மாமனார். "கடத்தண்ணியக் குடத்துல கொண்டாந்து வீட்டச் சுத்தித் தெளிச்சாப் போதாதா?"

"தண்ணி இல்ல பாய். காத்து."

"காத்தக் குடத்துல கொண்டாற முடியாதே" என்று மாமனார் மிகவும் வருத்தப்பட்டார்.

எங்களுக்குக் கடலோரத்தில் ஒருத்தரையும் தெரியாது. சொந்தபந்தம் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள். அங்கே போய் யார் வேலை தருவார்கள், எந்த வீட்டில் இருப்பது? ஒவ்வொரு முறை நூருவுக்கு மூச்சு முட்டும்போதும் இந்தத் தடவை திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கல்மாதிரி ஆகிவிட்டேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் ரமலான் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தினமும் கையேந்தி அழுவேன். "யா அல்லாஹ், எங்களுக்கு ஒரு கடலைக் கொடு. கடலைக் கொடு ரப்பே." ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் மாமனார் ஒரு பெரிய பொட்டலத்தோடு நின்றார். நல்ல வறுத்த கடலை.

"நோன்பு வாயோட இம்புட்டு அழுது கேக்கியே ஜரினா. எங்கிட்டச் சொன்னா வாங்கித் தரமாட்டனா? இதுக்கெல்லாமா அல்லாவத் தொந்தரவு பண்ணுவ?"

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. கடலையை எல்லோரும் தின்றோம்.

பெருநாள் கழிந்து ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம். என் கணவருக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு கருப்பட்டி வியாபாரி. மண்டிக்கு நாணயமான கணக்கர் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே பிரியாணி சாப்பிட்டாராம். எந்த ஊர் என்று இவர் கேட்டிருக்கிறார்.

"திருச்செந்தூருக்குத் தெக்க, குலசேகரன்பட்டினம். வீட்டுக்குப் பின்னால கடலு."

என் கணவர் வாயில் வைத்த கறித்துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழுதிருக்கிறார். அந்த மனிதர் காரம் அதிகமோ என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே வேலை முடிவாயிற்று. இருக்க ஒரு வீடும் தருவதாகச் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் கிளம்பினோம். சாமான்களுக்கு ஒரு லாரி பேசினோம். டிரைவர் மாரியப்பன், செட்டியார்பட்டிக்காரர். கட்டில், பீரோ, ஆட்டுரல், பாய், பாத்திரம் எல்லாம் ஏறின. மாமனாரும் ஏறினார்.

"நீங்க எங்களோட பஸ்ல வாங்க மாமா" என்றேன்.

"அப்ப இவனுக்கு வழி யாரு காட்டுவா?" என்றார். பிறகு என் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்தார். "அதையும் இங்க குடு. பஸ் கூட்டத்துல எங்கயாவது வச்சிட்டு வந்துருவீக. நான் மடியிலயே வச்சிக்கிடுதேன்."

காலையில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் ஒரே இடத்தில்தானே இருக்கப்போகிறோம்? கொடுத்துவிட்டேன். மாத்திரை, சிரப், டாக்டர் சீட்டு எல்லாம் அந்தப் பைக்குள்.

திருநெல்வேலி, திருச்செந்தூர் என்று பஸ் மாறி மாறி நாங்கள் மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். மண்டிக்காரர் வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தார். பக்கத்து வீட்டு ஆமினா சாவியோடு காத்திருந்தாள். கதவைத் திறந்தால் வெறும் வீடு. லாரி வரவில்லை. செத்த நேரத்தில் வந்துவிடும் என்று உட்கார்ந்தோம். சாயங்கால அஸர் பாங்கும் சொல்லியாயிற்று. லாரியைக் காணோம்.

நூருவுக்கு நெஞ்சுக்குள் அந்தப் பூனைக்குட்டி மெதுவாகக் கத்தத் தொடங்கியது.

என் கணவர் சட்டென்று எழுந்தார். "திருச்செந்தூர் போயி டாக்டர் யாரையாவது பாத்து மாத்திர வாங்கியாறேன். வழியில லாரி நிக்கான்னும் பாக்கேன்" என்று ஓடினார். மாத்திரையின் பெயர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்று பின்னாலேயே கத்தினேன். எல்லா மாத்திரையும் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நான் பதறுவதைப் பார்த்து ஆமினா வந்தாள். "பயப்படாதீய. எங்க காக்கா இப்ப வந்துருவாவ. வந்ததும் லாரியத் தேட அனுப்புதேன்."

எனக்குத் தலை சுற்றியது. காக்காயை அனுப்பி லாரியைத் தேடுவார்களா? நூரு இழுப்போடேயே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சற்று நேரத்தில் ஆமினாவின் காக்கா சைக்கிளில் வந்து விஷயத்தைக் கேட்டு, மெயின்ரோட்டுக்குப் போய் நின்றார்.

நான் கை, முகம், கால் கழுவி ஒலு செய்துவிட்டு வெறுந்தரையில் தொழுதேன். அதன்பின் கையேந்தினேன். "யா அல்லாஹ், லாரியை அனுப்பு. மருந்துப் பையை அனுப்பு. கட்டிலைக்கூட நீ மெதுவாக அனுப்பு, மருந்துப் பையை இப்போதே அனுப்பு." ஆமீன் சொல்லி முகத்தில் தடவிய பிறகுதான் மாமனாரைச் சேர்க்கவில்லையே என்று நினைவு வந்தது. மறுபடி அவசரமாகக் கையேந்தி அவரையும் சேர்த்துக் கேட்டேன்.

எழுந்து பார்த்தால் நூருவைக் காணோம்.

ஆமினாவின் பிள்ளைகள் நண்டு காட்டுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்வாசல் வழியாகப் பறந்தேன். சூடான உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மணலில் கால் புதைந்தது, செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. முக்காட்டைப் பிடிப்பதா, சேலையைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஓடினேன். தூரத்தில் பிள்ளைகள் ஒரு நண்டை விரட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பச்சைப் பாவாடை.

என் நூரு ஓடிக்கொண்டிருந்தாள்.

"நூரு! ஏட்டி, ஓடாத! நில்லு!" என்று அலறினேன். அவள் நிற்கவில்லை. நண்டும் நிற்கவில்லை. கடைசியில் அவளை எட்டிப் பிடித்து, மணலில் மண்டியிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்தேன். புஸ் புஸ் என்று பெரிய சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, அது நீங்க" என்றாள் நூரு. "ஒங்களுக்குத்தான் இழுக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். அவள் நெஞ்சுக்குள் இதயம் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டது. நான் எழுந்திருக்க முடியாமல் அந்த மணலிலேயே நெற்றியை வைத்தேன்.

அன்று ஆமினா பாய் கொடுத்தாள், சோறும் மீன்குழம்பும் கொடுத்தாள். என் கணவர் திருச்செந்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு ஓடிவந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டபடி. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் லாரி வந்தது. பீரோவின் மேல் பெரிய பலாப்பழங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் பலாமரம் கிடையாது. மாரியப்பன் இறங்கியதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, எம்மேல தப்பில்ல. திருநவேலி டீக்கடையில பெரியவருதான் வழி கேட்டாரு. 'குலசேகரம் எங்கிட்டு?'ன்னாரு. பட்டினத்த முழுங்கிட்டாரு. கடக்காரன் நாரோயில் ரோட்டக் காட்டிட்டான்."

குமரி மாவட்டத்தில் நாகர்கோயிலுக்கு அப்பால் மலையடிவாரத்தில் குலசேகரம் என்று ஓர் ஊர் இருக்கிறதாம். ரப்பர் தோட்டமும் மழையுமாக. நாங்கள் எந்தச் சாரலுக்குப் பயந்து ஓடிவந்தோமோ, அதைவிடப் பெரிய சாரலுக்குள் எங்கள் சாமான்கள் போயிருக்கின்றன.

"கடலக் காணமே பாய், மலைல்லா வருதுன்னேன். 'மலைக்கு அங்கிட்டுத்தாம்லே கடல் இருக்கும், நீ ஓட்டு'ன்னாரு. மழ கொட்டுச்சு. 'கடல் கிட்ட வந்துட்டா இப்படித்தாம்லே தண்ணி தெறிக்கும்'ன்னாரு. பொறவு வீடு வீடாப் போயி கருப்பட்டி மண்டி எங்கன்னு கேட்டாரு. அங்கன உள்ளவன் ரப்பர்ப் பால் வாளியத்தான் காட்டுதான்."

என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். மாரியப்பன் சிரிக்கவில்லை.

"வெவரம் தெரிஞ்சதும் பெரியவரு அப்படியே உக்காந்துட்டாரு அண்ணாச்சி. உடனே திரும்பலாம்னு பாத்தா வண்டி சேத்துல பொதஞ்சிட்டு. இருந்தது ஒரே கொட. அத மருந்துப் பைக்குப் புடிச்சிக்கிட்டு இவரு நனஞ்சாரு. அங்க பள்ளிவாசல்ல உள்ளவங்கதான் எங்களுக்குச் சோறு போட்டு, விடிஞ்சதும் வண்டியத் தள்ளிவிட்டு, பலாப்பழமும் ஏத்தி அனுப்புனாங்க."

மாமனார் அப்போதுதான் கேபினிலிருந்து இறங்கினார். வேட்டி சட்டையெல்லாம் சேறு. மடியில் மருந்துப் பை, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். எங்கள் முகத்தைப் பார்க்காமல் நூருவைத்தான் தேடினார். அவள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஓடி வந்தாள் என்பதைக் கண்டதும் அவர் வாய் கோணியது.

"பிள்ளைக்கு இழுப்பு வரலையா?"

"மக்ரிபுக்கு முன்னாலயே நின்னுட்டு மாமா. மருந்தே குடுக்கல" என்றேன்.

அவர் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அந்தப் பள்ளிவாசல்ல அஸரு தொழுதுட்டுக் கேட்டேம்மா. 'மருந்து எங்கிட்ட மாட்டிக்கிட்டு ரப்பே. மருந்து இல்லாமலே எம்பேத்திக்கு மூச்சக் குடு'ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கன்னு எனக்குத் தெரியல."

சகோதரிகளே, நான் லாரியைக் கேட்டேன், பையைக் கேட்டேன். வழி தப்பிப் போய், மழையில் நனைந்து நின்ற அந்த மனிதர்தான் பிள்ளையின் மூச்சைக் கேட்டிருக்கிறார். அல்லாஹ் அவருக்குத் தந்தான்.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகும் சிலமுறை இழுப்பு வந்தது; டாக்டரிடம் போனோம், மாத்திரை கொடுத்தோம். வரவரக் குறைந்து, அவள் பெரியவளாகும்போது நின்றேவிட்டது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கினாள். என் கணவர் உடம்பில் இப்போது பஞ்சு இல்லை, கருப்பட்டி ஒட்டியிருக்கிறது; அடித்தால் போகாது, கழுவத்தான் வேண்டும். மாமனார் தம் தவறைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு ஊருக்கு ஒரே மாதிரிப் பெயர் வைத்தவனைத்தான் திட்டுவார்.

நான் மாறினேன். முன்பெல்லாம் துஆ கேட்கக் கையேந்தினால் அல்லாஹ்வுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுபோல வரிசையாகச் சொல்வேன். இப்போது, என் பிள்ளை, என் வீடு, பார்த்துக்கொள் ரப்பே என்று சொல்லிவிட்டு, அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இன்றைக்கு ஒரு கஷ்டம் இருக்கலாம். என்ன கேட்பது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். கையை மட்டும் ஏந்துங்கள். அழுகை வந்தால் அழுங்கள். உங்களுடைய ரப்பு உங்களுக்கு முன்னாலேயே அங்கே காத்திருக்கிறான்.