புதன்கிழமை பத்து மணிக்குப் போன மெசேஜ்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கூடை சுமந்து ஆரம்பித்து, இன்று செங்கம் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம் வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் என் கிளினிக். நான் டாக்டர் இல்லை, டாக்டர்களை வரவழைக்கிறவன். எலும்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், வியாழக்கிழமைகளில் வேலூரிலிருந்து நரம்புக்கு ஒருவர். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதே ரோட்டில் திறந்து மூடிவிட்டுப் போன கிளினிக்குகளை நான் விரல் விட்டுச் சொல்வேன். என்னுடையது மூடவில்லை. காரணம் என் குரலும் என் ஞாபகமும்.

மறுநாள் வர வேண்டியவர்களுக்கு முந்தின நாளே நான் போன் போட்டுவிடுவேன். அது சும்மா வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் போன் நம்பர் என்றால் ஓர் ஆளின் நம்பர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டின் நம்பர். எடுத்தது யார் என்று தெரிந்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். தோல் டாக்டரிடம் வரும் ஒரு வாத்தியாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் வேறு யாராவது எடுத்தால் நான் ஜெராக்ஸ் கடை. அடி அண்ணாமலையிலிருந்து நரம்பு டாக்டரிடம் வரும் ஒரு வீட்டு மருமகளுக்குப் போன் போட்டு, அவள் மாமியார் எடுத்தால் நான் தையல்கடை. “ப்ளவுஸ் ரெடிங்க, வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதால் நாலு வருஷமாக வரவில்லை. மறைத்துத்தான் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். புருஷனுக்கும் தெரியாது. எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. புருஷனின் போன் அவனோடு வேலைக்குப் போய்விடும். வீட்டில் இருக்கும் ஒரே போன் மாமியாருடையது. முதல் தடவை வந்தபோதே, “ஐயா, தெரிஞ்சா என்னை வெச்சிருக்க மாட்டாங்க” என்றாள். “எங்கிட்ட வந்துட்டே இல்ல, கவலைய விடு” என்றேன். மாசாமாசம் அவள் வருவாள், போவாள். ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை.

எதிர்வாடையில் புதிதாக வந்த பல் கிளினிக்கிலிருந்து எல்லோருக்கும் மெசேஜ் தானாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். நான் அவர்களுக்குப் பின்னால் நிற்பதா? ஆசிரமத்துப் பக்கம் தங்கும் விடுதிகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு பெண்ணை வரவழைத்தேன். எங்கள் கிளினிக் இணையதளத்தையும் அவள்தான் செய்தவள். அதன் உள்பக்கத்தைத் திறந்து, ப்ளகின் என்று ஒன்றை இறக்கி அதோடு பொருத்தினாள். நோட்டில் இருந்த பெயரையும் நம்பரையும் நேரத்தையும் அதில் ஏற்றிவிட்டால், முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டே மெசேஜ் போய்விடுமாம்.

“மெசேஜ்ல என்ன எழுதணும் ஐயா?” என்று கேட்டாள்.

“எழுதிக்கோ. வணக்கம்னு போட்டு அவங்க பேரு. நாளைக் காலை இத்தனை மணிக்கு நரம்பு மற்றும் வலிப்பு நோய் சிறப்பு மருத்துவரைச் சந்திக்க வரவும். கீழ நம்ம கிளினிக் பேரு, கொட்டை எழுத்துல.”

“கொட்டை எழுத்து வராதுங்க. டாக்டர் எதுக்குப் பாக்கறவர்னு போடணுமா? பேரும் நேரமும் போதுமே.”

“நான் வேலூர்லேர்ந்து ஆளைக் கொண்டாறேன், நீ வெறும் நேரம் போதும்ன்றியே. ஊருக்குத் தெரிய வேணாமா?”

“ஊருக்குச் சொல்லத்தானே வெப்சைட் இருக்குது.”

“நீ எத்தினி கிளினிக் நடத்தியிருக்கேம்மா?”

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த நம்பரெல்லாம் அவங்கவங்க சொந்த நம்பரா?” என்று கேட்டாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும், நீ ஏத்து” என்றேன்.

தெரிந்துதான் இருந்தது. ஆனால் நோட்டில் பெயரும் நம்பரும் மட்டுமே இருந்தன. ஜெராக்ஸ் கடையும் தையல்கடையும் என் தலைக்குள் இருந்தன. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குத் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. நான் எலும்பு டாக்டருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். அன்று மாலை ஒருவருக்கும் போன் போடவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் வரவில்லை. பத்தேகாலுக்கு ஐம்பது வயதுக்காரி ஒருத்தி கையில் போனோடு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

“இந்த மெசேஜ் இங்கேர்ந்துதானே வந்துச்சு?”

பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பேசியே சம்பாதித்தவன் நான்.

“அது கம்ப்யூட்டர் அனுப்புறதும்மா. சில சமயம் ஆள் மாறிப் போயிடும்.”

“எங்க மருமவ பேரு போட்டிருக்கு. பேருமா மாறிப்போச்சு?”

“அதே பேர்ல எத்தினியோ பேர் இருக்காங்கம்மா.”

அவள் என்னையே பார்த்தாள். “ப்ளவுஸ் ரெடின்னு சொல்லு” என்றாள்.

நான் மேஜைமேல் இருந்த நோட்டைப் புரட்டினேன்.

“நீதானே அந்த டெய்லரு? உங் கொரலு எனக்குத் தெரியாதா? மாசத்துக்கு ஒண்ணு தெக்கிறாளே, ஒண்ணையும் போட்டுப் பாக்கலியேன்னு எம் மவன்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன். என் ப்ளவுஸையும் உங்கிட்டயே குடுத்து வுடலாம்னு இருந்தேன்.”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளை என் அறைக்குள் அழைத்துப் போனேன். நடந்ததைச் சொன்னாள். மெசேஜைப் பக்கத்து வீட்டில் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். மகன் வந்து கேட்டதும் மருமகள் ஆமாம் என்றிருக்கிறாள். அவள் அண்ணனை வரவழைத்து, சாயங்காலமே போளூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை இங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

“மாத்திரையைக் கையோட எடுத்துட்டுப் போனாளா?”

“பருப்பு டப்பால ஒளிச்சு வெச்சிருந்தா. எம் மவன் எடுத்து சாக்கடைல கொட்டிட்டான்.”

“அத திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்மா. ஒழுங்கா சாப்ட்டதாலதான் இத்தினி நாளா ஒண்ணும் இல்லாம இருந்தா.”

“அப்ப அவளுக்கு வியாதி உண்மைதான்னு சொல்றே.”

“உண்மைதான்.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்க வேணாமா? கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு கெணத்தாண்ட நிப்பா. அடுப்பாண்ட நிப்பா. தெரிஞ்சிருந்தா நான் உட்டிருப்பனா? என் பேரப்புள்ள கெணத்துல போனா நீ வந்து தூக்கிக் குடுப்பியா?”

எத்தனையோ ஆபீசர்களுக்கும் வக்கீல்களுக்கும் நின்ற இடத்தில் பதில் சொன்னவன் நான். இதற்கு டாக்டரே பதில் சொல்லட்டும் என்று எழுந்தேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பேச மறுத்துவிட்டார். “அந்தப் பொண்ணு இல்லாம அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவளைக் கூட்டிட்டு வாங்கம்மா, எல்லாம் விளக்கமா சொல்றேன்” என்றார். மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். கதவு சாத்தியதும் டாக்டர் என்னைப் பார்த்து, “முதல்ல மாத்திரையைக் கொண்டு போய்க் குடுங்க. ஒரு வேளை மாத்திரை ஏற்கெனவே தவறியிருக்கும்” என்றார்.

காரை நானே ஓட்டிக்கொண்டு, அவள் அம்மா வீட்டை விசாரித்துப் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. “பால் கட்டிக்கிச்சு, காலையிலேர்ந்து துடிக்கிறா” என்றாள் அவள் அம்மா. மாத்திரைச் சீட்டை நீட்டினேன். டாக்டர் சொன்ன அளவைச் சொன்னேன். அவள் என் எதிரிலேயே ஒன்றைப் பிரித்து விழுங்கினாள்.

“தப்பு என் மேலதாம்மா” என்றேன். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

“அத்தை அங்க வந்தாங்களா?”

“வந்தாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“முதல்ல இல்லேன்னு சொன்னேன். அப்புறம் உண்மையைச் சொல்லிட்டேன்.”

“அதையும் நீங்களேதான் சொன்னீங்களா?” என்றாள். சத்தம் போடவில்லை. “எனக்குன்னு சொல்றதுக்கு எதையாவது உட்டு வெச்சீங்களா ஐயா?”

நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான். அண்ணன் போனிலிருந்து அவளே மாமியாருக்குப் போன் போட்டிருக்கிறாள். வெகுநேரம் பேசினார்களாம். குழந்தை புட்டிப்பாலைத் தொடாமல் அழுதுகொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் புருஷன் குழந்தையோடு வந்து அவளை அழைத்துப் போனான். ஆனால் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார்கள்.

இணையதளப் பெண்ணை மறுபடி வரச் சொல்லி, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. மெசேஜை இரண்டு வரியாகக் குறைத்தாள்: நாளை இத்தனை மணிக்கு உங்களுக்கு நேரம் குறித்திருக்கிறது, வர முடியாவிட்டால் அழைக்கவும். வலிப்பும் இல்லை, நரம்பும் இல்லை. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து, “இந்த நம்பரை யார் எடுப்பாங்க, மெசேஜ் அனுப்பலாமா, சொல்லுங்க ஐயா” என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்து என் தலைக்குள் இருந்ததையெல்லாம் இறக்கினேன். தெரியாததை நேரில் வரும்போது கேட்டு நிரப்பினேன். எத்தனை வீடுகளில் நான் எத்தனை கடைக்காரனாக இருந்திருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, இணையதளப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முன்பெல்லாம் அதைச் சாமர்த்தியம் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் வியாழக்கிழமை மாமியாரும் மருமகளும் வந்தார்கள். நாங்கள் மெசேஜ் அனுப்பவில்லை, போனும் போடவில்லை. குழந்தை மாமியார் இடுப்பில் இருந்தது. இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள், வெகுநேரம் கழித்து வந்தார்கள். மாமியார் என்னிடம், “கெணத்தாண்ட உடறதில்ல, நானே தண்ணி எடுத்துக்கிறேன்” என்றாள். என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியவில்லை, பேசினாள், அவ்வளவுதான்.

மருமகள் என் மேஜைக்கு வந்து, டாக்டர் அறைக் கதவைப் பார்த்தபடி கேட்டாள்: “அடுத்த மாசம் எந்த வியாழக்கிழமை?”

“ரெண்டாவது வியாழக்கிழமைம்மா. பத்து மணி. மெசேஜ்…”

“வேணாம்” என்றாள். மாமியார் பக்கம் திரும்பி, “ரெண்டாவது வியாழக்கிழமையாம் அத்தே, ஞாபகம் வெச்சிக்கோங்க” என்றாள்.