எழுதாமல் விட்ட ஐந்தாவது கடிதம்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தபோது நான் வைத்திருந்த நகல் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏப்ரல் மாத மூன்றாவது புதன்கிழமைக்கு எதிரே அதில் நான்கு கடிதங்களின் நகல்கள் உள்ளன. ஐந்து இருந்திருக்க வேண்டும். காலம் முப்பதுகளின் நடுப்பகுதி. ஆண்டின் கடைசி இலக்கம் மழை நீரில் கலைந்துவிட்டது. ஊகித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

1. கொட்டகை

நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்தில் தோட்டத்து வெள்ளைத் துரைமார் கிளப் ஒரு தகரக் கொட்டகை போட்டது. தரையில் குப்புற விழுந்து சக்கரம் ஒடிந்த ஓர் இரட்டை இறக்கை விமானம், பிரித்து வைத்த இஞ்சின், சுவர் நிறையப் படங்கள். வாசல் பலகையில் 'விமான நூதனசாலை', அதாவது அருங்காட்சியகம், என்று எழுதியிருந்தது. சனங்களுக்கு அது ஆகாயக் கப்பல் கொட்டகை.

ஞாயிறுதோறும் வரும் தோட்ட சனங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லத் தொண்டர்களைச் சேர்த்து நடத்தும் பொறுப்பைக் கிளப் செயலாளர் துரை என்னிடம் கொடுத்தார். பத்து வருடமாக விமானச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தவன் நான். ஆறு பேரைப் பிடித்தேன். கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானாவைத் தவிர மற்ற ஐவரும் தோட்டத்து ஆட்கள். தோட்டத்து ஆள் ஞாயிற்றுக்கிழமை வெளியே வரவேண்டுமானால், அவருடைய துரைக்கு நான் புதன்கிழமையே கடிதம் எழுத வேண்டும். கடிதம் போகாவிட்டால் ஆள் வரமாட்டார்.

பதினொரு பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். முதல் ஞாயிறு நானே தொடங்கி வைத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் ஆண்டு டிசம்பர் பதினேழாம் தேதி..."

"அன்னிக்கு என்ன கெழமைங்க?" என்றாள் கூட்டத்திலிருந்த கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி.

"வியாழக்கிழமை."

எல்லாரும் சிரித்தார்கள். தேதி சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.

2. காற்றாடி

ஐவரில் ஒருவர் சவரிமுத்து. பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இஞ்சின் டிரைவர். என் வயதுதான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். என் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடியில் கையை வைத்தார்.

"நம்ம ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற மாடியில காத்தாடி சுத்துதா இல்லையா? காத்தப் பின்னால தள்ளுது. அப்ப காத்தாடி ஏன் முன்னால ஓடல?"

பதிலையும் அவரே சொன்னார்.

"செவுத்தோட சேத்து போல்ட்டு அடிச்சிருக்கோம். இங்க செவுரு இல்ல. அதனால காத்தாடி ஓடுது, கட்டடமும் கூடவே ஓடுது!"

"அப்ப நம்ம ஸ்டோரு போல்ட்டக் கழட்டினா பறக்குமா அண்ணே?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"பறக்கும். டீமேக்கர் ஐயாதான் மொதல்ல குதிப்பாரு."

ஸ்டோருக்கே பெரியவரான டீமேக்கரைச் சொன்னதும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. என் பதினொரு பக்கத்தில் இல்லாதது அந்த ஆறு வாக்கியத்தில் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று முழுவதும் வயிறு எரிந்தது. என் ஆலையிலும் அதே காற்றாடி. தினமும் அதன் கீழேதான் நடந்து போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சனங்கள் வாசலிலேயே "காத்தாடிக்காரரு எங்க?" என்று கேட்டு வந்தார்கள். அவர் முன்னால் அறுபது பேர், என் முன்னால் ஏழு பேர். எண்ணினேன்.

"கிளாக்கரே, உங்க பக்கம் ஈயோட்ட ஆளு வேணுமா? நான் வரவா?" என்றார் காசிம் நானா.

அன்று மாலை செயலாளர் துரை தன் தமிழில் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழமை கொழும்பு இருந்து பிளேன் வரும். ஒரு சீட் இருக்கு. நல்லா சொல்ற ஆள் ஒருத்தன் மேலே போகணும். கீழே வந்து சனத்துக்குச் சொல்லணும். ஆள் யாரு, நீ சொல்லு."

ஆள் யாரென்று எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். புதன்கிழமை நான்கு கடிதங்கள் எழுதினேன். ஐந்தாவது தாளை எடுத்தேன். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டேன்.

3. ஒன்பது நிமிடம்

ஞாயிறு சவரிமுத்து வரவில்லை.

"கடுதாசி போட்டீங்கதானே?" என்றார் காசிம் நானா.

"போட்டேன். டப்பால்ல எங்கயாவது தங்கியிருக்கும்."

அவர், "அப்ப சீட்டு உங்களுக்குத்தான். ஏறுங்க," என்றார்.

ஏறினேன். என் கைக்கடிகாரப்படி ஒன்பது நிமிடம். மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஸ்டோரின் புகைபோக்கி. கொழுந்து மிஞ்சிய மாதம், ஞாயிறும் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது யார் ஓட்டும் இஞ்சின் என்று தெரியும். அந்தப் புகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இறங்கியதும் துரை என்னை ஒரு பெட்டி மேல் ஏற்றினார். உயரத்தைச் சொன்னேன். வேகத்தைச் சொன்னேன்.

"லயமெல்லாம் எப்படித் தெரிஞ்சிச்சுங்க?" என்று ஒருத்தி கேட்டாள். தோட்ட சனங்கள் குடியிருக்கும் லய வரிசைகளை நான் பார்க்கவில்லை. "சிறிதாக," என்றேன். கூட்டம் மெல்லக் கலைந்தது.

அடுத்த புதன் ஐந்து கடிதம் எழுதினேன். ஞாயிறு சவரிமுத்து நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, நம்ம ஸ்டோரு மேல வந்தீங்களே! இஞ்சின விட்டுட்டு வெளிய ஓடியாந்து கையாட்டினேன். டீமேக்கர் ஐயாகிட்ட நல்லா ஏச்சு. திரும்பறப்ப ஒடம்பு எந்தப் பக்கம் சாஞ்சுச்சு? சத்தம் காதுலயா நெஞ்சுலயா? எறங்கறப்ப வயிறு என்ன சொல்லிச்சு?"

கேட்கக் கேட்க, பார்த்ததாக எனக்கே தெரியாதவை நினைவுக்கு வந்தன. சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நம்ம கிளாக்கர் ஐயா மேல போனாருல்ல, கேளுங்க..."

அரை மணி நேரம் சொன்னார். கிழவிகள் வாயில் கைவைத்தார்கள். விமானம் திரும்பும் இடம் வந்ததும் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலில் நின்று கேட்டேன். பறந்தவன் நான், பறந்தது அவர் என்று தோன்றியது. அப்போதும் எனக்கு வந்தது வெட்கமல்ல, பொறாமைதான். வெட்கம் வரப் பல வருடமாயிற்று. கடிதத்தைப் பற்றி அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

தொண்டர்களை நடத்தப்போகும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களைவிட நன்றாகச் செய்யும் ஆள் கிடைத்தால், அன்றே அவர் பெயரை மேலிடத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஓர் இரவு தள்ளிப்போட்டால் கை எழுதாது.

சவரிமுத்து பின்னாளில் ஒருமுறையாவது விமானத்தில் ஏறினாரா என்று விசாரித்தேன். ஏறினார், கொழும்புப் பக்கம் ஒரு விமானத் திடலில் இஞ்சின் வேலைக்குப் போயிருந்தார் என்று அவருடைய டீமேக்கர் சொன்னார். அப்பா மலையைவிட்டு இறங்கியதே இல்லை என்று அவர் மகள் சொன்னார். இரண்டுக்கும் எழுத்துச் சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எனவே இது உறுதிப்படாத செய்தி.