தங்கச்சி மாப்பிள்ளையோடு ரப்பர் படகில்

இந்த வருடம் ஆடி மாதக் கடைசியில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து குற்றாலம் போனேன். ஐந்தருவியில் குளிப்பது, சூடாகப் புரோட்டா தின்பது, தூங்குவது. திட்டம் அவ்வளவுதான். போய் இறங்கினால், தண்ணீர் அளவுக்கு மீறி வருகிறதென்று எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. பேரருவிக்கு முன்னால் ஒரு கூட்டமே தோளில் துண்டோடு நின்று ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

லாட்ஜ் மேலாளர்தான் ஆசை காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு தாண்டி, ரப்பர் படகில் ஆற்றுச் சுழிப்பில் கூட்டிப்போகிறார்களாம். ஆளுக்கு 1,400 ரூபாய். அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேட்டேன்: 1,200. மீதி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வங்கியில் கடன் பிரிவில் வேலை எனக்கு. எவர் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவேன்.

நான் கொஞ்சமும் நம்பாத இன்னொருவரும் கூட வந்திருந்தார். என் தங்கை கோமதியின் கணவர் இசக்கிராஜா. வீரகேரளம்புதூர்க்காரர், போலீஸ். கல்யாணமாகி ஒரு வருடம்தான். அவரிடம் எதைக் கேட்டாலும் "அது நமக்கு அத்துப்படி" என்பார். அத்துப்படி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"ராஃப்டிங்கா? ரிஷிகேஷ்லயே பாத்தாச்சு மைனி. நீங்க ஏன் பயப்படுதிய? நான் வாரேன்லா" என்றார். அவர் ஊரில் மனைவியின் அக்காவை மைனி என்பார்கள்.

எங்களோடு வந்திருந்த கோமதிக்கு ஐந்தாம் மாதம். அறையிலேயே இருந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் சோதனைச்சாவடி, ஆரியங்காவு என்று மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர்போல வரும். வளைவுகளில் லாரிகள் நின்றதால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழிநெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். ஆற்றுச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். இதை மனதில் குறித்துக்கொண்டேன்.

வழிகாட்டியின் பெயர் ஷிபு. "ராத்திரி மழை இல்ல சேச்சி, தண்ணி இறங்கி. பேடிக்கண்டா" என்றார். பேடிக்கண்டா என்றால் பயப்பட வேண்டாம். எனக்குக் கொடுத்த மிதவைச் சட்டையில் ஒரு கொக்கி சரியாக மாட்டவில்லை. வேறு கேட்டு வாங்கினேன். இசக்கிராஜாவோ தன் சட்டைப் பட்டையை மூன்றாவது முறையாக இறுக்கிக்கொண்டிருந்தார். ஷிபுவைத் தனியே கூப்பிட்டு, "ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று தணிந்த குரலில் கேட்டதும் என் காதில் விழுந்தது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று நேராகவே கேட்டேன்.

"போலீஸ்காரன்கிட்ட கேக்குத கேள்வியா மைனி இது?" என்று சிரித்தார். அது பதில் இல்லை.

படகில் எங்களோடு மூன்று கல்லூரி மாணவர்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, ஆற்றின் போக்கில் போகவேண்டும் என்று ஷிபு சொல்லிக்கொடுத்தார். மொத்தத் தூரம் நான்கு கிலோமீட்டர். முதல் இரண்டு சுழிப்புகளும் சுகமாக இருந்தன. மூஞ்சியில் தண்ணீர் அறைந்தது, நான் வாய்விட்டுக் கத்தினேன். எத்தனையோ வருடமாக அப்படிக் கத்தியதில்லை.

மூன்றாவது சுழிப்பில் படகு ஒரு பாறையில் ஏறிச் சாய்ந்தது. நான் தண்ணீருக்குள் இருந்தேன். காதுக்குள் இரைச்சல், மூக்கெல்லாம் எரிச்சல். மேலே வந்து மல்லாந்து படுத்துக் காலை நீட்டினேன். சட்டை என்னைத் தாங்கியது. சரிதான், பிழைத்தேன் என்று நினைக்கும்போதே பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

இசக்கிராஜா குதித்திருந்தார்.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கையும் காலும் திசைக்கொன்றாக அடித்துக்கொண்டிருந்தன. சட்டை தாங்கியும், பதற்றத்தில் குப்புறக் கவிழ்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நல்லவேளையாக ஆறு அவரை என் பக்கமே தள்ளியது. அவர் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துப் புரட்டினேன். தலை வெளியே வந்ததும் அவர் போட்ட சத்தம் இதுதான்:

"மைனியப் பிடிங்க! மைனியப் பிடிங்க!"

ஷிபு கயிற்றை வீசினார். ஒரு கையில் கயிறு, மறு கையில் தங்கச்சி மாப்பிள்ளை. எங்களைக் கரையோரம் இழுத்துப் போட்டார்கள்.

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நீச்சல் தெரியாது, இல்லையா?"

"தெரியாது மைனி."

"ரிஷிகேஷ்?"

"கூட வந்தவங்க படகுல போனாங்க. நான் கரையில இருந்து துணிமணியப் பாத்துக்கிட்டேன்."

"அப்ப எதுக்குக் குதிச்சிய? கோமதி இருக்கற நிலைமையில?"

கேள்வியே புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "நீங்க விழுந்துட்டியள்லா" என்றார்.

மிச்ச வழி நாங்கள் படகில் ஏறவில்லை. அவர்களுடைய ஜீப்பிலேயே காருக்குத் திரும்பினோம். நான்தான் வண்டி ஓட்டினேன்.

குற்றாலத்தில் அறைக்குள் நுழைந்ததுமே ஈரத்தலையைப் பார்த்துக் கோமதி பதறிவிட்டாள். "ஏங்க, நீங்களும் ஏறினியளா? கரையில நிப்பியன்னுலா நெனச்சேன்!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு, தண்ணின்னா பயம்னு. எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. உன்னையக் கண்டாத்தான் அவருக்கு அத்துப்படி, அத்துப்படின்னு வாயில வருது. நீ கேக்குத கேள்வி அப்படி."

இசக்கிராஜா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையைத் துவட்டினார். அவ்வளவு நேரம் துவட்ட அந்தத் தலையில் முடி கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு: அருவிகளில் தடை என்றால் ஆற்று நிலவரத்தையும் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். மாற்று உடை, பட்டை வைத்த செருப்பு அவசியம். கண்ணாடி போடுபவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையின் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பாருங்கள். அதில் எவ்வளவு சந்தேகப்பட்டாலும் தகும். நீச்சல் தெரியாதவர்கள் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கென்று தனி இடம் கொடுத்து உட்கார வைப்பார்கள். கூட வருகிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று அறிய வேண்டுமானால், என்னைப்போல் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "எனக்குக் கொஞ்சம் பயமாயிருக்கு, உங்களுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று காலை எனக்கும் பயமாகத்தான் இருந்தது.