கரைத்த சோறு

பெரியப்பாவுக்கு நடக்கப்போவது முன்னாலேயே தெரியும் என்று சிறுவயதில் உறுதியாக நம்பினேன். நன்னிலம் பக்கம் எங்கள் தெருவில் அப்படி நம்பியவள் நான் ஒருத்தி மட்டுமில்லை.

தேர்தலில் ஆட்சி மாறிப் புதுக் கட்சிக் கொடிகள் ஏறியிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடை வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்று நடத்திய அப்பாவைப் போலீஸ் தேட, அவர் ஆற்றோர நாணலுக்குள் ஒளிந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். எனக்கு விடுமுறை கிடைத்ததால் போலீஸ்மேல் கொஞ்சம் நன்றிகூட இருந்தது.

பெரியப்பா மலாயாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். பித்தளைக் கொக்கி வைத்த அகல பெல்ட்டை வேட்டிமேல் கட்டியிருப்பார். முகாம் வந்த அன்றே அம்மாவிடம் சொன்னார்.

"நாளைக்குக் கதவுல நம்பர் எழுதுவான். அப்புறம் தெருவைச் சுத்தி முள்ளுக்கம்பி. அதுக்கப்புறம் வீட்டு அரிசியை எடுத்துக்குவான்."

"அரிசிய வச்சு அவன் என்ன மாமா பண்ணுவான்?"

"நமக்கே ஆக்கிப் போடுவான்."

அம்மா சிரித்துவிட்டாள். "போலீஸ்காரன் ஆக்கி நான் உக்காந்து சாப்பிடுறதா? அவ்வளவு கொடுத்து வைக்கலீங்க."

மறுநாள் தார் டப்பாவோடு வந்து கதவில் எண் எழுதினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு கம்பி வந்தது. பிறகு அரிசி, நெல் எல்லாம் வண்டியேறி, பள்ளிக்கூட முற்றத்தில் அண்டா ஏறியது. கல்யாண வீடுபோல ஆவி பறக்க, வாயைப் பிளந்து நின்றேன்.

"அரிசின்னா மடியில கட்டி ஒளிச்சுக் கொண்டுபோயிடலாம். வடிச்ச சோறு இந்த வெயிலுக்கு ஊசிப்போயிடும். கம்பி வாசல்லயும் சோதனை" என்றார் பெரியப்பா. "மலாயாவுல காட்டுல ஒளிஞ்சு சண்டை போட்டவங்கள வெள்ளைக்காரன் இப்படித்தான் பட்டினி போட்டு வெளிய இழுத்தான்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அவரு நேத்துலேருந்தே பட்டினி மாமா."

"உன் பங்குச் சோத்துல தண்ணி ஊத்தி வையி. விடிஞ்சதும் ஒரு பருக்கை இல்லாம கரைச்சுடு. வாசல்ல நிக்கிறவன் குச்சிய விட்டுத் துழாவுவான். அப்ப அவன் மூஞ்சியப் பாக்காத. புள்ளையத் திட்டு."

காலையில் அம்மா புல்லறுக்கக் கிளம்பினாள். தூக்குவாளி என் கையில். கம்பி வாசலில் போலீஸ்காரர் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுத் துழாவினார்.

"ஏண்டி எருமை, மசமசன்னு நிக்கிற?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் நிஜமாகவே அழுதேன்.

தள்ளி நின்ற வடநாட்டு அதிகாரி, "என்னா அது?" என்றார்.

போலீஸ்காரர் வாளியை மோந்து பார்த்தார். பழைய சோற்று வாசனை தெரியாதவராக இருந்திருக்க முடியாது. அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"தண்ணிங்க ஐயா" என்று மூடியைப் போட்டார்.

தினமும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான், முகாம் கிளம்பும்வரை அப்பா பிடிபடாமல் இருந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஊரே அதிசயப்பட்டது. எனக்கோ அதிசயமெல்லாம் அந்தக் குச்சியில்தான் இருந்தது.

"குச்சி விடுவாங்கன்னு எப்படிப் பெரியப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவர் பெல்ட்டின் கொக்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டிப் போனவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே கம்பிக்கு எந்தப் பக்கம் நின்றார், கையில் வாளியோடா குச்சியோடா என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.