இரண்டாவது முறை அடித்த மணி

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கைமணி இருக்கிறது. பிடியிலிருந்து விளிம்புவரை ஒன்பது அங்குலம். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் தேவாலயத்தில், ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஆராதனை தொடங்கும்போது பத்தொன்பது ஆண்டுகள் அதை மூன்று முறை அடித்தவன் நான். இப்போது வெண்திரையில் எண்கள் தாமாகவே இறங்கிப் பூச்சியத்துக்கு வருகின்றன. மணியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதைத் துடைக்கும்போதெல்லாம் ஒரு வெல்டர் தம்பியின் ஞாபகம் வருகிறது.

பேருந்து முனையத்தில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறிக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆலயத்துக்கும் கொண்டுபோனேன். கட்டடம் எங்களுக்கு ஆறரை வரைதான். ஆறரைக்குச் சீனச் சபையின் பாடகர் குழு பயிற்சிக்கு வந்துவிடும். அவர்களுடைய மூப்பர் அதற்கு முன்பே வாசலில் நிற்பார். எனக்கு எப்போதும் பதற்றம். முதல் பாட்டில் ஐந்து சரணம் இருந்தால் மூன்றோடு நிறுத்தச் சொல்லிவிடுவேன். இரண்டு நிமிடம் மிச்சம். பிரசங்கத்தின்போது தலைகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். “நீங்க கும்பிடறது ஆண்டவரையா, கடிகாரத்தையா?” என்று என் மனைவி கேட்பாள். பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை.

அந்தத் தம்பி தீவின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணிவரை வேலை. அவசரமாகக் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரயில் மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆறு இருபத்தாறுக்கு வந்து சேர்வார். படியில் காலணிகளைக் கழற்றி ஜோடி சேர்த்து வைப்பார். கடைசி பெஞ்சில் முழங்கால் போடுவார். பாஸ்டர் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவார். எண்பத்தேழு பேர் சொல்லும் ஆமென் ஒரு பக்கம், அவருடைய ஆமென் ஒரு பக்கம். அவ்வளவுதான், ஆராதனை முடிந்துவிடும். தலை எண்ணி முடித்த பிறகு வருபவர் என்பதால் அவரை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் வாசலில் நிறுத்திக் கேட்டேன். “முடியிற நேரத்துக்கு எதுக்கு தம்பி வர்றீங்க? வர ஒண்ணேகால் மணி, போக ஒண்ணேகால் மணி. நாலு நிமிஷத்துக்கா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டே, “முடியிறதுக்குள்ள வந்துட்டேன்ல, ஐயா” என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த வாரம் முதல் அவரைக் கவனித்தேன். அந்த நான்கு நிமிடத்தில் அவர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நான் எத்தனை முறை பார்க்கிறேன் என்று ஒருநாள் எண்ணினேன். இருபத்துமூன்று முறை. அதை நோட்டில் எழுதவில்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு காலணி மாட்டும்போது சொன்னார். “அடுத்த ஞாயிறோட கடைசி, ஐயா. அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை ஊருக்கு டிக்கெட்.”

“அந்த ஞாயிறாவது லீவு கேளுங்க.”

“கேட்டுட்டேன். கப்பல் கிளம்பணுமாம், விட மாட்டேங்கிறாங்க.” கயிற்றை இறுக்கிக் கட்டினார். “ரெண்டு வருஷத்துல முதல் பாட்டை ஒரு தடவகூடப் பாடல. அது ஒண்ணுதான் குறை.”

அந்த வாரம் முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. ஆராதனையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஆறரை என்ற சுவர் அசையவில்லை.

அந்த ஞாயிறு மழை. ஆறு இருபத்தாறு ஆயிற்று, ஆளைக் காணவில்லை. இருபத்தேழு. இருபத்தெட்டுக்குச் சட்டை நனைந்து ஓடி வந்தார். அப்போதும் காலணிகளை ஜோடி சேர்த்து வைக்கத் தவறவில்லை. அவர் முழங்கால் போடவும் பாஸ்டர் கைகளை உயர்த்தவும் சரியாக இருந்தது. ஆமென். எல்லோரும் பைகளை எடுத்தார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

நான் மணியை எடுத்து மூன்று முறை அடித்தேன்.

சபை முழுவதும் திரும்பியது. பாஸ்டர் விழித்தார். “என்ன அங்கிள், மணி ஆறரை ஆச்சு.”

“இந்தத் தம்பிக்கு இப்பத்தான் அஞ்சு மணி, பாஸ்டர். நாளை மறுநாள் ஊருக்குப் போறார். முதல் பாட்டைப் பாடாமலே போறார்.”

பாஸ்டர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு மூடிய புத்தகத்தைத் திறந்து, முதல் பாட்டின் எண்ணை மறுபடியும் அறிவித்தார். “அஞ்சு சரணமும்” என்றேன். யாரோ சிரித்தார்கள். பைகள் எல்லாம் கீழே இறங்கின.

பாட்டு எழுந்தது. தம்பியின் கையில் புத்தகம் இல்லை. அத்தனை வரியும் மனப்பாடம். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அதனால் என்ன? இரண்டு வருடம் தேக்கி வைத்த பாட்டு. மூன்றாவது சரணத்தில் சீன மூப்பர் வாசலில் நின்றார். இன்னும் முடியவில்லையா என்று மலாயில் கேட்டார். இப்போதுதான் ஆரம்பம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார், அவரும் என்னைப் போன்றவர்தான். பிறகு தன் பாடகர்களைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். மெட்டு அவர்களுக்கும் தெரிந்த மெட்டு. நான்காவது சரணத்தில் அவர்கள் தங்கள் மொழியில் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவதில், நான் பிடித்திருந்த பெஞ்சின் மரம் உள்ளங்கையில் அதிர்ந்தது.

அன்றைய நோட்டில் ‘ஆரம்பம் 5.00’ என்பதற்குக் கீழே ‘ஆரம்பம் 6.31’ என்று எழுதினேன். எண்பத்தேழை அடித்துவிட்டு எண்பத்தெட்டு ஆக்கினேன்.

போன ஞாயிறு என் மனைவிக்குக் காய்ச்சல். கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, அவள் கண் அசந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. முழங்கால் வலியோடு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு இருபத்தேழு.

வாசலில் நின்ற பெண் பதறினாள். “அங்கிள், முடியப் போகுது லா.”

“முடியிறதுக்குள்ள வந்துட்டேன்மா.”

காலணிகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். நான் சொன்ன ஆமெனுக்கு முன்வரிசைத் தலைகள் திரும்பின. எத்தனை என்று தெரியாது. என் கண் மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மணியை எடுத்து மூன்று முறை அடித்தேன். படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

“என்ன, இப்பத்தான் ஆரம்பமா?”

“ஆமா” என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அஞ்சு சரணமும்.”