முப்பத்தொன்றாம் எண்

இதைக் கதை என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பேய் என்றதும் நள்ளிரவு, நாய் ஊளை, வெள்ளை உடை என்று எதிர்பார்க்காதீர்கள். இது காலை 9.05க்கு வந்தது. முதல் பீரியடுக்கு. ஒரு நாள்கூட லேட் கிடையாது.

உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதல் வருடம். பழைய பள்ளியிலிருந்து அங்கே போனது இரண்டே பேர். நானும் பல்லியும். பல்லி என் நண்பன். ஒல்லியாக, எங்கேயும் ஒட்டிக்கொள்வான். அதனால் அந்தப் பெயர். எட்டு வருடம் ஒரே பெஞ்சு. புது வகுப்பு முழுக்கத் தெரியாத முகங்கள். எனக்குப் பயமே இல்லை. அதான் பல்லி இருந்தானே.

கணக்கு வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எண்தான். தலையும் நிமிராது. முதல் நாள் "முப்பத்தொண்ணு?" என்றார். பதில் இல்லை. மறுபடி, "முப்பத்தொண்ணு?" பல்லி சும்மா இருக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ளேன் ஐயாஆ..." என்றான். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தது நான். என் எண் முப்பத்திரண்டு. சிரிப்போடு உள்ளேன் சொன்னேன். பல்லி முப்பத்து மூன்று. அவன் இரண்டு முறை கத்தியும் வாத்தியார் காதில் விழவில்லை. ஆப்சென்ட். அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் பல்லி என்னோடு உட்காரவில்லை. கடைசி ஜன்னலோரம், இருவர் உட்காரும் பெஞ்சில் தனியாக இருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"தள்ளுடா."

"ஆள் இருக்கு."

"எங்கடா ஆள்?"

அவன் நிமிரவில்லை. "இருக்குன்னு சொல்றேன்ல? போடா."

எட்டு வருட நட்பு. காலிப் பெஞ்சில் எனக்கு இடம் இல்லை. மூன்று வாரம் தனியாகச் சாப்பிட்டேன். பாத்திரத்தைப் பார்த்தே சாப்பிட்டால் தனியாக இருப்பது தெரியாது என்று கண்டுபிடித்தேன். அந்த வருடம் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

தினமும் முப்பத்தொன்றுக்கு அதே மூக்குக் குரல். முப்பத்து மூன்றுக்கு ஆப்சென்ட். 9.20க்கு அவன் அப்பாவின் போனுக்குச் செய்தி போய்விடும், 'உங்கள் மகன் இன்று வரவில்லை' என்று. வீட்டில் உதை வாங்கியும் இவன் விளையாட்டை விடவில்லையே என்று நினைத்தேன். அவன் உதடு அசைகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ரோஷம்.

நான்காவது வாரம், செவ்வாய். 8.55. பல்லி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளில் கை போட்டான்.

"என்னடா, கோவமா?"

"இல்ல."

"இன்னிக்கு முப்பத்தொண்ணுக்கு நீ சொல்லேன். எனக்கு போரடிச்சிடுச்சு. அதே மாதிரி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு."

"சொன்னா இங்கயே உக்காருவியா?"

"உக்காராம?"

9.05. "முப்பத்தொண்ணு?"

"உள்ளேன் ஐயாஆ..."

யாரும் சிரிக்கவில்லை.

"முப்பத்திரண்டு?"

"உள்ளேன் ஐயா."

"முப்பத்திரண்டு?"

எழுந்தே நின்றேன். "உள்ளேன் ஐயா!"

"ஆப்சென்ட். முப்பத்து மூணு?"

"உள்ளேன் ஐயா" என்றான் பல்லி. பேனா டிக் அடித்தது. அவன் நீளமாக மூச்சு விட்டான். பையை எடுத்தான். முன் பெஞ்சில் நாலு பேரோடு போய் உட்கார்ந்தான்.

9.07. கிரீச்... பெஞ்சு முனகியது. அவன் எழுந்தபோது இல்லை. அதற்கப்புறம்.

பக்கத்து இடத்தில் கை வைத்தேன். சூடு. பல்லி உட்கார்ந்திருந்த சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

10.30. இன்னும் சூடு...

புதன். 9.05. "முப்பத்தொண்ணு?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தேன்.

"உள்ளேன் ஐயாஆ..."

என் குரல்.

பக்கத்திலிருந்து.

யாரோ ஒரு பையன் வந்து, "தள்ளுடா" என்றான்.

"ஆள் இருக்கு" என்றேன்.

தினமும் 9.20க்குச் செய்தி போகவே, என் அப்பா பள்ளிக்கு வந்து சண்டை போட்டார். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் எனக்கு மறுபடி ஆப்சென்ட். முப்பத்தொன்றை நான் வேறு யார் தலையிலும் கட்டவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. கேட்டால் செய்ய எனக்கு அங்கே ஆள் இல்லை. வருடம் முடிந்தது, வகுப்பு மாறியது, எல்லாம் நின்றது.

இரண்டு வருடம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனபோது அலுவலகத்து அக்காவிடம் கேட்டேன்.

"முப்பத்தொண்ணா? அந்தப் பையன் வரவே இல்லையேப்பா. ஸ்கூல் திறக்க ரெண்டு நாள் இருக்கும்போது ஜுரத்துல போயிட்டான். சாருக்குச் சொல்ல விட்டுப்போச்சு."

பழைய பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்து மூன்று: அந்தத் திங்கள்வரை ஆப்சென்ட், செவ்வாயிலிருந்து டிக். முப்பத்திரண்டு: திங்கள்வரை டிக், செவ்வாயிலிருந்து ஆப்சென்ட். முப்பத்தொன்று: வருடம் முழுக்க டிக். அக்கா பதிவேட்டை மூடிவிட்டார். மறுபடி திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

வெளியே வந்து பல்லிக்குப் போன் செய்தேன்.

"உனக்குத் தெரியும்ல?"

"நான் சொல்லித்தான் அது வந்துச்சு. இன்னொருத்தன் சொன்னா போயிடும்னு தோணுச்சு."

"ஏன்டா என்னை?"

"ஏன் எதுக்குன்னு கேக்காம செய்யறவன் உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கான்?"

போனை வைத்துவிட்டேன். அந்த வருடம் ஒரு நாள்கூட என் பக்கத்திலிருந்து எழுந்து போகாதது அது ஒன்றுதான்.